உப்பு கசிந்த நாள்

பாலைவனத்தில் உப்பு கசியாது. அதனால், அன்று காலை ஜாடிக்குள் விட்ட விரல் ஈரமாக வெளியே வந்தபோது ஜொவிதா நம்பவில்லை. சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டுப் பார்த்தாள். கல்லுப்பு பொதபொதவென்று இருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர்கூடத் தேங்கியிருந்தது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. உப்பு தண்ணி விட்டிருக்கு."

கஸ்பார் கட்டிலில் மல்லாந்தபடியே கேட்டார்: "நீ அதுக்கிட்ட என்னத்தச் சொல்லி அழவச்ச?"

தூத்துக்குடியிலிருந்து கூடவே வந்த ஜாடி. புதிதாகக் குடிபோகும் இடத்துக்குள் முதலில் உப்புதான் போக வேண்டும் என்பது வழக்கம். இது வீடுகூட இல்லை. ஜெய்சல்மேருக்கு மேற்கே, உலர்நகர் என்று அரசாங்கம் பெயர் வைத்த குடியிருப்பில் ஓர் அறை. ஆனாலும் ஒவ்வொரு பங்குனியிலும் ரயிலை விட்டு இறங்கியதும் ஜொவிதா ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வலதுகாலை எடுத்து வைப்பாள். ஐந்து கோடைகளாக அந்த உப்பு மணலைப் போல உதிர்ந்துதான் கிடந்தது. இது ஆறாவது.

வெயிலுக்குப் பயந்து யாராவது பாலைவனத்துக்குப் போவார்களா என்று ஆரம்பத்தில் ஊரே சிரித்தது. பிறகு ஒரு வைகாசியில், கடலோர ஊர்களில் கிழவர்களும் கிழவிகளும் நிழலில் இருந்தபடியே, ஓடுகிற மின்விசிறிக்கு அடியிலேயே செத்தார்கள். வெயில் அப்படியொன்றும் ஏறிவிடவில்லை. காற்றில் ஈரம் ஏறியிருந்தது. வறண்ட சூட்டை வயதான உடம்பு தாங்கும், ஈரச் சூட்டைத் தாங்காது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்த வருஷமே சட்டம் வந்தது. அறுபத்தைந்து தாண்டியவர்கள் கோடை பிறந்ததும் கடற்கரையை விட்டுப் பாலைக்குப் போய்விட வேண்டும். சென்னைக்கும் அதே சட்டம், கன்னியாகுமரிக்கும் அதே சட்டம். கோடை வந்தால் மின்விசிறியின் இறக்கையைத் துடைப்பதுபோல, வீட்டுக்கு வீடு கிழடுகளைத் துடைத்து ரயிலேற்றுவதும் ஒரு வழக்கமாகிப் போனது.

கஸ்பார் இதற்குக் கருவாட்டுத் தத்துவம் என்று பெயர் வைத்திருந்தார். "ஈரத்துல கெடந்தா நாறிப்போவும். காயவச்சா நாள்படும். நம்மளக் காயவச்சிருக்காவ, அவ்வளவுதாம்ட்டி."

சிரிப்பார். ஆனால் ஆடி பிறந்தால் அந்தச் சிரிப்பு சுருங்கிவிடும். ஆடி மாதத்தில் பனிமய மாதா கோயிலில் கொடியேறும். துறைமுகத்தில் கப்பல் முகவராக இருந்த காலம் முழுக்க, எந்தக் கப்பல் எந்த நேரத்தில் வந்தாலும் அந்தப் பத்து நாளும் கஸ்பார் கோயில் வாசலில்தான் கிடப்பார். இப்போது இதயக் குழாய்க்குள் இரண்டு ஸ்டென்ட். இன்னும் எத்தனை திருவிழா என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் தினமும் கேட்பார்.

"ஏல தணி, நாங்க எப்பம் ஊருக்குப் போவோம்?"

சுவரிலிருந்து ஒரு குரல் வரும். குடியிருப்பைப் பார்த்துக்கொள்ளும் இயந்திரத்துக்குத் தணி என்று பெயர். "குடியிருப்போரில் பெரும்பான்மையோர் குளிர்கிறது என்று கூறும்போது கோடைப் பருவம் நிறைவடையும், ஐயா. சென்ற ஆண்டு அது ஐப்பசியில் நிகழ்ந்தது."

"ஐப்பசியில எனக்குத் திருவிழா இல்லடே."

"தங்கள் வருத்தத்தைப் பதிவுசெய்துகொண்டேன்."

"பதிஞ்சுக்கோ, பதிஞ்சுக்கோ."

ஜொவிதா ஜாடியை மேசைமேல் வைத்துவிட்டு, தூத்துக்குடியில் இருக்கும் மகளைப் போனில் அழைத்தாள்.

"ஏளா ஷெரின், நம்ம வீட்டு உப்பு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கியான்னு கேக்க மாட்டீங்களா மம்மி? உப்பத்தான் கேப்பீங்களா?"

"போய்ப் பாரு."

மகள் அடுப்படிக்குப் போய்வந்தாள். "மணலா உதிருது. கச்சான் காத்து அடிச்சுத் தள்ளுதுல்லா. நேத்துக் காயப்போட்ட துணி கொடியோட பறந்து எதுத்த வீட்டுக்குப் போயிட்டு. இன்னைக்குக் கொடியேத்தம் மம்மி. நீங்க ரெண்டு பேரும் இருந்திருந்தா..."

கச்சான் என்பது மலையைத் தாண்டி மேற்கிலிருந்து வரும் காற்று. மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வெறுங்கையோடு தூத்துக்குடிக்கு வரும். ஆடியில் அங்கே உப்பளம் வெள்ளையாகப் பொரிவது அதனால்தான். அங்கே உப்பு உதிர்கிறது, இங்கே கசிகிறது. ஏதோ தலைகீழாகியிருக்கிறது என்று ஜொவிதாவுக்குத் தோன்றியது. கழுத்தில் வழிந்த வேர்வை காயாமல் அப்படியே நின்றது.

"தணி, புழுங்குது," என்றாள்.

"தங்களுக்கு வெப்பமாக இருப்பதைப் புரிந்துகொண்டேன், அம்மா. குளிர்விக்கும் நீரைக் கூட்டுகிறேன்."

முதல் கோடையில் இதே சொல்லைக் கேட்டுவிட்டு, மதியத்துக்கு அது புழுங்கலரிசிச் சோறு அனுப்பியிருந்தது. எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற பொதுக்கூடமே சிரித்துப் புரண்டது. யாரோ புகார் எழுத, எங்கேயோ உட்கார்ந்து யாரோ திருத்தினார்கள். அவர்களுக்கும் தமிழ் நேராகத் தெரியாது போல. 'புழுக்கம் என்றால் வெப்பம்' என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். பாலையில் வெயில் உண்டு, அனல் உண்டு, புழுக்கம் ஏது? அதனால் அந்தப் பிழை யாரையும் கடிக்காமல் ஐந்து வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

கொடியேற்றத்தைப் பார்க்க எல்லோரும் கூடத்தில் கூடியிருந்தபோது புழுதிப் புயல் வந்தது. தென்கரைக்காரர்களின் கூடம் அது: தூத்துக்குடி, காயல்பட்டினம், திருச்செந்தூர், உவரி. வானம் செம்மண் நிறமானது. தணி கதவுகளையும் சுவரின் உச்சியில் இருந்த காற்றுத் துளைகளையும் அடைத்தது. நாலு சுவரிலும் பதித்திருந்த வெட்டிவேர்த் தட்டிகளில் நீர் வழிய, பெரிய விசிறிகள் அந்த ஈரக் காற்றையே சுற்றிச் சுற்றி வீசின. திரையில் கொடி ஏறியது. கஸ்பார் எழுந்து நின்று கும்பிட்டார். புயல் ஊரைக் கடந்து போயிற்று. ஆனால் தூசு அடங்கும்வரை துளைகள் திறக்கக்கூடாது என்பது விதி.

"புழுங்குது தணி," என்றாள் உவரிக்காரி ஒருத்தி.

"நீரைக் கூட்டுகிறேன்."

"எய்யா, என்னா புழுக்கம்!" என்றார் இன்னொருவர்.

"நீரைக் கூட்டுகிறேன்."

கூடத்தின் பொறுப்பாளர் இளம்பரிதி வரிசை வரிசையாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தான். நாற்பது வயது, மரக்காணத்துப் பக்கம். அவன் அம்மாவும் உலர்நகரில் வடகரைக் கூடத்தில் இருந்தாள். அதற்காகவே இந்த வேலைக்கு மனுப் போட்டு வந்தவன். சுவரில் வெப்பம் காட்டும் பலகையைக் காட்டி, "பயப்படாதீங்க மேடம்," என்றான். "வெளிய நாப்பத்துநாலு. உள்ள முப்பத்தேழுதான்."

ஜொவிதா கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் கட்டுப்பாட்டறையைப் பார்த்துக்கொண்டவள். எல்லாம் சரியென்று பலகை சொல்லும்போது மனிதர்கள் முகத்தைப் பார்ப்பது அவளுக்கு அந்த வேலையில் வந்த பழக்கம். முகங்கள் சரியில்லை.

"தம்பி, ஈரம் எவ்வளவு காட்டுது?"

"அது காட்டாதுங்க. கூலர் ஓடினாலே அந்த அலாரம் கத்திக்கிட்டே இருக்கும். பாலைவனத்துல ஈரத்துக்கு எதுக்கு அலாரம்னு ரெண்டாம் வருஷமே நிறுத்திட்டாங்க."

"நிறுத்தினது தப்புன்னு சொல்ல மாட்டேன். நானும் எத்தனையோ அலாரத்த நிறுத்தினவதான். ஆனா இன்னைக்குக் காலைல என் உப்பு கசிஞ்சுது. மழ வரப்போவுது, வெளிக்காத்துலயே ஈரம் ஏறிட்டு. உள்ள நீங்க அதுக்குமேல தண்ணி ஊத்துதீங்க. வேர்வ காஞ்சாத்தான தம்பி உடம்பு ஆறும்? ஒங்க முகத்தத் தொட்டுப் பாருங்க."

இளம்பரிதி தொட்டுப் பார்த்தான். கை சொட்டச் சொட்ட வந்தது. அவன் புத்திசாலி, இரண்டாவது முறை விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"அன்னைக்கு ஊர்ல நடந்த மாதிரியா?"

"அதேதான். நம்மளே ஒரு வைகாசியச் செஞ்சு வச்சிருக்கோம். தண்ணிய நிறுத்தி மேல இருக்க தொளையத் தொறங்க."

"என்னால முடியாது மேடம்." அவன் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தான். "இதே மாதிரி வேற ஒரு குடியிருப்புல சிக்கனம் பண்றேன்னு ஒருத்தன் கூலர நிறுத்தி, நாலு பேரு போயிட்டாங்க. வேகுது வேகுதுன்னு அவங்க சொன்னத ஒருத்தரும் காதுல வாங்கல. அதுக்கப்புறம்தான் இந்தச் சட்டம். முதியோர் சொல்லே முடிவு. எங்க கை எதுலயும் படக்கூடாது. உங்கள்ல பாதிக்கு மேல என்ன சொல்றீங்களோ அதத்தான் தணி செய்யும்."

"அப்போ தண்ணிய நிறுத்துன்னு எல்லாரும் சொன்னா?"

"கட்டளை எடுக்காதுங்க. யாராவது மிரட்டிச் சொல்ல வைக்கலாம்ல? உடம்புக்கு எப்படி இருக்குன்னு சொன்னா மட்டும்தான் எடுக்கும்."

நல்ல சட்டம்தான். ஜொவிதாவே அதற்காகக் கையெழுத்துப் போட்டவள். கிழவர்கள் சொல்வதைக் கேட்கிற ஓர் இயந்திரம் கிடைத்தது. அவர்கள் சொல்லும் சொல்தான் அதற்குப் புரியவில்லை.

அவள் கஸ்பாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எப்படி இருக்கு? கருவாடு காயுதா?"

அவர் பதில் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேலிக்கு அவர் பதில் கேலி சொல்லாமல் விட்டதே இல்லை. அவர் கன்னத்தைத் தட்டினாள். கண்கள் அவளைக் கண்டும் யாரென்று தெரியாததுபோல விழித்தன.

"தணி!" என்று கத்தினாள். "எனக்குக் குளிருது!"

கூடம் திரும்பிப் பார்த்தது.

"தங்கள் மணிக்கட்டுப் பட்டையில் உள்ள வெப்பமானி அவ்வாறு காட்டவில்லை, அம்மா. எனினும் தங்கள் சொல்லே முடிவு. பதிவுசெய்துகொண்டேன். தங்களுடன் உடன்படுவோர் ஒருவர்."

ஜொவிதா நாற்காலிமேல் ஏறினாள். எழுபத்துமூன்று வயதில் ஏறக்கூடாத உயரம். இளம்பரிதி காலைப் பிடித்துக்கொண்டான்.

"இங்க கேளுங்க! யாரும் புழுங்குதுன்னு சொல்லாதீய. அந்தச் சொல்லுதான் நம்மளக் கொல்லுது. நம்ம புழுக்கம்னா அது சூடுன்னு எடுத்துக்கிட்டுத் தண்ணியத் தண்ணிய ஊத்துது. குளிருதுன்னு சொல்லுங்க. தண்ணிய நிறுத்தும், தொளையத் தொறக்கும். சத்தமா, எல்லாரும்!"

"இந்த வேக்காட்டுல குளிருதுன்னா சொல்லச் சொல்லுத?" என்றார் திருச்செந்தூர்க்காரர் ஒருவர். "மூளைக்கு ஏறிட்டோ?"

"ஏறுனா எறங்கும் அண்ணாச்சி. மொதல்ல சொல்லுங்க!"

ஒருவர் சொன்னார். நாலு பேர் சொன்னார்கள். "குளிருது தணி." "எய்யா, குளிருதுடா." "கம்பளி கொண்டாங்கடே, வெறைக்குது!" யாருக்கோ சிரிப்பு வந்தது, சிரிப்பு தொற்றியது, பலகையில் எண்ணிக்கை ஏறியது. ஏறிக்கொண்டிருக்கும்போதே உவரிக்காரி, "குளிருது, குளிருது... ஆனா தாங்க முடியலயே, என்னா புழுக்கம்!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவள் வரிசையில் பாதிப்பேர் பழக்கத்தில் "ஆமா, புழுக்கம்தான்," என்றார்கள். எண்ணிக்கை சரிந்தது.

"வாயிலயே போடுங்கட்டி அவள!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பாதியைத் தொட இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. ஜொவிதா காயல்பட்டினத்துக்காரர்களின் வரிசைகளைப் பார்த்தாள். அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் செய்யிது மரைக்காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்திரப் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவர்; காயல் வழக்கப்படி எல்லோருக்கும் 'காக்கா', அண்ணன். பொய் சொன்னதில்லை என்று ஊரே சொல்லும். உலர்நகரில் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டால்கூட, மறந்திருந்தால் மறந்தேன் என்பார்.

அவள் இறங்கி ஓடினாள். "மரைக்கார் காக்கா, நீங்க சொல்லாம அவங்க சொல்ல மாட்டாங்க. அவரப் பாருங்க. போயிருவார் காக்கா."

மரைக்கார் கஸ்பாரைப் பார்த்தார். தினமும் சாயங்காலம் கேரம் ஆடுகிற ஜோடி அவர்கள். "உயிரக் காப்பாத்தப் பொய் சொல்லலாம்னு எனக்குத் தெரியும் தங்கச்சி," என்றார். வியர்வை அவர் தாடியிலிருந்து சொட்டியது. "மனசு சரிங்குது. நாக்கு வரமாட்டேங்குது. எழுபத்தாறு வருஷப் பழக்கம்."

பிறகு மடியில் இருந்த மருந்துப் பையைத் திறந்தார். இன்சுலின் கெடாமல் இருக்க வைத்திருந்த பனிக்கட்டிப் பொட்டலத்தை எடுத்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றி, அதை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். உடம்பு ஒருமுறை சிலிர்த்தது.

"தணி," என்றார் கம்பீரமாக. "அல்லா அறிய, எனக்குக் குளிருது."

பொட்டலம் கைமாறியது. அடுத்தவர் கழுத்தில் வைத்துக்கொண்டு, "எனக்கும் குளிருது," என்றார். அதற்கடுத்த பெண்மணி அதை வாங்கக்கூட இல்லை. "காக்காவப் பாத்தாலே எனக்குக் குளிருது," என்றாள். வரிசைகள் இடிந்து விழுந்ததுபோலச் சத்தம் எழுந்தது. குளிருது, குளிருது, குளிருது. நாற்பத்துநாலு டிகிரிப் பாலையின் நடுவில், வேர்வையில் குளித்த கிழவர்களும் கிழவிகளும் பல் இல்லாத வாயால் பல் கிட்டிப்போனதுபோல நடித்துக்கொண்டு கத்தினார்கள். ஊர்க்கூட்டத்தில்கூட ஒருநாளும் ஒத்துப்போகாதவர்கள்.

"பெரும்பான்மையோர் குளிர்கிறது என்கிறீர்கள்," என்றது தணி. அதன் குரலில் குழப்பம் இருந்ததாக ஜொவிதா பிற்பாடு சத்தியம் செய்வாள். "நீரை நிறுத்துகிறேன். தூசு விதியைவிடத் தங்கள் சொல்லே மேல் என்பதால், வெதுவெதுப்பான வெளிக்காற்றை உள்ளே அனுமதிக்கிறேன்."

சுவர் உச்சியில் துளைகள் வரிசையாகத் திறந்தன. அனல்காற்று புழுதி வாசனையோடு உள்ளே இறங்கியது. விசிறிகள் அதை வாங்கி வீசின. முதலில் சுட்டது. பிறகு ஜொவிதாவின் பிடரியில், காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த வேர்வை, ஒரு நூலை உருவியதுபோல மெல்லக் காய்ந்தது. அந்த இடம் சில்லென்றது.

இளம்பரிதி அதற்குள் மற்றக் கூடங்களுக்கெல்லாம் செய்தி சொல்லிவிட்டான். திறந்த துளைகள் வழியே வெளியிலிருந்து சத்தம் கேட்டது. பக்கத்துக் கூடம், அதற்கடுத்த கூடம், வடகரைக்காரர்களின் கூடம். "குளுருதுப்பா!" "குளிர்து நைனா!" உலர்நகர் முழுக்க ஒரே குளிர்.

ஜொவிதா கஸ்பாரின் சட்டையைக் கழற்றிவிட்டு, தலைப்பால் விசிறிக்கொண்டே இருந்தாள். இளம்பரிதி கூட்டிவந்த மருத்துவர் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கஸ்பாரின் நெஞ்சில் வேர்வை காய்ந்து உப்புப் பூத்தது. வெகுநேரம் கழித்து இமை அசைந்தது.

"யாருட்டி அது தொளையத் தொறந்தது?" என்றார் கஸ்பார், காற்றைப் போன்ற குரலில். "குளிருதுல்லா."

ஜொவிதா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகுதான் அழுதாள்.

சாயங்காலம் மழை பெய்தது. உலர்நகரில் ஒருவரும் சாகவில்லை.

மறுநாள் காலை தணி வழக்கமான நேரத்தில் வணக்கம் சொன்னது. "ஓர் அறிவிப்பு. நேற்று அனைத்துக் கூடங்களிலும் பெரும்பான்மையோர் குளிர்கிறது என்று கூறியுள்ளனர். எனவே விதிப்படி கோடைப் பருவம் நிறைவடைந்தது. ஊர் திரும்பும் ரயில்களுக்கு ஏற்பாடு செய்துள்ளேன். இனிய பயணம் அமைக."

கஸ்பார் தேநீரைக் கட்டிலில் கொட்டினார்.

இளம்பரிதி அறைக்கு வந்து உட்கார்ந்தான். "தப்பா முடிஞ்ச பருவம். ரத்து பண்ணுங்கன்னு நான் எழுதணும் மேடம். ஊர்ல புழுக்கம் அப்படியே இருந்தா, உங்கள அனுப்பறது கொலை."

"எங்க ஊர்ல உப்பு உதிருது தம்பி," என்றாள் ஜொவிதா. "கச்சான் முடியிறவரைக்கும் உதிரும். சென்னையையும் தூத்துக்குடியையும் ஒரே கயித்துல கட்டுனது யாரு? ஆடியில இங்கதான் ஈரம், அங்க காத்து காஞ்சு கெடக்கு. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவன் பார்த்தான். தென்கரை ஊர் ஒவ்வொன்றின் காற்றையும், போன வருஷங்களின் ஆடியையும் பார்த்தான். ஐந்து கோடைகளும் ஆடி மாதம் அவர்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம். சட்டம் எழுதியவர்கள் வரைபடத்தில் கடற்கரையை ஒரே கோடாக இழுத்திருந்தார்கள்.

"வடகரைக்கு மட்டும் ரத்து," என்றான் கடைசியில். "தென்கரை ரயில் போகட்டும். அடுத்த வருஷத்துலேர்ந்து ரெண்டா பிரிக்கச் சொல்லி எழுதறேன். அப்புறம், அந்த ஈர அலாரம் இனிமே கத்தட்டும்."

"ஒங்க அம்மா?"

"இங்கதான். எங்க ஊர்ல உப்பு கசியுதுங்க." சிரிக்கப் பார்த்தான். ஜொவிதா ஜாடியைத் திறந்து, வெயிலில் காயவைத்திருந்த உப்பில் பாதியை ஒரு டப்பாவில் கொட்டி அவன் கையில் கொடுத்தாள்.

"அம்மா அறையில வையுங்க. கசிஞ்சா, என்ன சொல்லணும்னு அவங்களுக்கு இப்பத் தெரியும்."

சப்பரம் புறப்படுகிற மாலையில் கஸ்பார் கோயில் வாசலில், அவர் வழக்கமாக நிற்கும் தூணோரம் நின்றார். கச்சான் காற்று கொடியைப் படபடவென்று அடித்தது. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னார்: "பனிமாதாட்ட போயி ஊரே சேர்ந்து குளிருதுன்னு சொன்னா, அவளுக்குக் கேக்காமலா இருக்கும்?"

கூட்டத்தின் இரைச்சலில் ஜொவிதாவின் போன் ஒலித்தது. மரைக்கார். காயல்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து பேசினார்; பின்னால் காற்றும் அலையும் இரைந்தன.

"தங்கச்சி, ராத்தொழுகைக்கு முன்னாடி சும்மா காத்தாட வந்தேன். ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு."

"சொல்லுங்க காக்கா."

"குளிருது," என்றார் மரைக்கார். "பொட்டலம் கையில இல்ல."